புதிதாக வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரில் மிஸ்ஸிங்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியாகிவிட்டது. வாங்கும் முன் ஓட்டிப் பார்த்தபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சில நாள் கழித்து ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி ஒரு கணம் தயங்குகிறது, குலுங்குகிறது, அப்புறம்தான் போகிறது. சிக்னலில் நிற்கும்போது சீட்டில் ஒரு நடுக்கம் தெரிகிறது. டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வேறு எரிகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், "மிஸ்ஸிங் அடிக்குது" என்று சொல்லிவிட்டு ஸ்பார்க் கொடுக்கும் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் என வரிசையாக மாற்றச் சொல்லக்கூடும்.

அதற்குத் தலையாட்டும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். எந்த சிலிண்டரில் மிஸ் ஆகிறது? எப்போது மிஸ் ஆகிறது? இவை தெரியாமல் பாகங்களை மாற்றினால் பழைய கோளாறு அப்படியே இருக்கும், பர்ஸ் மட்டும் இளைக்கும். ஸ்போர்ட்ஸ் கார் பாகங்களின் விலை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது

சாதாரண பெட்ரோல் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும், என்ஜினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு முறை எரியும். ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று) என்றால் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 முறை எரிகிறது, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 7 முறை. அதே என்ஜின் 6000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 50 முறை. ஒவ்வொரு முறையும் மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும்: காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலந்திருக்க வேண்டும், அந்தக் கலவை நன்றாக அழுத்தப்பட்டிருக்க வேண்டும், சரியான நேரத்தில் வலுவான ஸ்பார்க் விழ வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்த முறை எரிவது கெடும், அல்லது எரியவே எரியாது. அதுதான் மிஸ்ஃபயர், மெக்கானிக் சொல்லும் மிஸ்ஸிங்.

நாலு பேர் தூக்கிவரும் கட்டிலில் ஒருவர் திடீரென்று கையை விட்டால் எப்படி இருக்கும்? கட்டில் சாயும், மற்ற மூவரும் தடுமாறி நடப்பார்கள். நான்கு சிலிண்டர் காரில் இது பளிச்சென்று தெரியும். எட்டு சிலிண்டர் காரில் ஒன்று போனாலும் மீதி ஏழு சமாளித்துக்கொள்வதால், லேசான அதிர்வைத் தவிர எதுவும் தெரியாமல் பல நாள் ஓட்டிவிட முடியும். அதனால் வி8 வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் கவனிக்கிறார்கள்.

ஸ்பார்க் விழுந்ததா, பெட்ரோல் எரிந்ததா என்று காரின் கம்ப்யூட்டர், அதாவது ஈசியு, பெரும்பாலான கார்களில் நேரடியாகப் பார்ப்பதில்லை. கிராங்கோடு சுற்றும் பல் சக்கரம் ஒன்றை ஒரு சென்சார் கவனித்துக்கொண்டே இருக்கும். ஒரு சிலிண்டர் எரியும்போது கிராங்க் மிகச் சிறிதளவு வேகம் கூடும். எரியாவிட்டால் அந்த வேகம் கூடாது. எந்த சிலிண்டரின் முறை வந்தபோது வேகம் கூடவில்லையோ, அதன் கணக்கில் ஒரு மிஸ் ஏறும். இப்படி ஊகித்துச் சொல்வதால் ஈசியு சில சமயம் ஏமாறவும் செய்யும். மிக மோசமான சாலைக் குலுக்கல் அதைக் குழப்பக்கூடும். முந்தைய உரிமையாளர் கிராங்கின் முனையில் சுற்றும் கனமான சக்கரத்துக்குப் பதிலாக எடை குறைந்த ஃப்ளைவீல் மாட்டியிருந்தாலும் இல்லாத மிஸ்ஃபயர் பதிவாகலாம். ஸ்போர்ட்ஸ் காரில் இது அரிதான மாற்றம் இல்லை. எனவே என்ஜின் நன்றாக ஓடியும் ஈசியு பதிவு செய்யும் கோளாறு எண், அதாவது கோட், மட்டும் வருகிறது என்றால் ஃப்ளைவீலை மாற்றினாரா என்று விற்றவரிடம் கேட்டு வையுங்கள்.

வேகமாகப் போய் ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடிக்கும் சத்தத்தையும் பலர் மிஸ்ஃபயர் என்று நினைக்கிறார்கள். சில கார்களில் அது வேண்டுமென்றே வைத்த சத்தம். குலுக்கலோ இழுவைக் குறைவோ இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் அதை விட்டுவிடலாம்.

விளக்கு மின்னினால் ஓட்டாதீர்கள்

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் பார்க்க வேண்டும். விட்டுவிட்டு மின்னினால் அப்போதே வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போகும் அளவுக்கு மிஸ் ஆகிறது என்று அதற்கு அர்த்தம். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகப் போய், ஏற்கெனவே சூடாக இருக்கும் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. உள்ளே தேன்கூடு போலிருக்கும் செராமிக் உருகி அடைத்துக்கொள்கிறது. அடைத்த பிறகு புகை வெளியேற வழியில்லாமல் என்ஜினின் இழுவையும் போய்விடும். கடைசியில் ஒரு காயிலால் தொடங்கிய பிரச்சினை அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள ஒரு பாகத்தில் போய் முடியும். மாஸ்டாவின் ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுற்றும் அதன் ரோட்டரி என்ஜினில் காயில்கள் பலவீனமாகி, கவனிக்காமல் விட்டதால் கன்வெர்ட்டர் அடைத்துக்கொண்ட கார்கள் நிறைய.

கோட் எண்ணைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

டேஷ்போர்டுக்குக் கீழே ஈசியு பதிவு செய்த கோட்களைப் படிப்பதற்கான ஓபிடி சாக்கெட் இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து வந்த கார்களிலும், ஐரோப்பாவில் 2001-க்குப் பிறகு வந்த பெட்ரோல் கார்களிலும் இந்த அமைப்பு கட்டாயம். ஒரு சாதாரண ஸ்கேனரை மாட்டி, மொபைலில் ஒரு ஆப் வைத்தே படிக்கலாம்.

பி0300 என்று வந்தால் பல சிலிண்டர்களில் மாறி மாறி மிஸ் ஆகிறது. பி0301, பி0302, பி0303 என்று வந்தால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் கோளாறு. மூன்றாவது காயில் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை! கோடைப் பார்த்ததும் காயில் ஆர்டர் போடுவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் மிகப் பொதுவான அவசரம்.

எது மூன்றாவது சிலிண்டர் என்பதையும் அந்தக் காரின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 போல சிலிண்டர்கள் நேர்வரிசையில் நிற்கும் காரில் முன்னாலிருந்து எண்ணினால் போதும். சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் படுக்கை என்ஜின்களில் அந்தக் கணக்கு உதவாது. சுபாருவின் நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒற்றை எண்கள் ஒரு பக்கம், இரட்டை எண்கள் மறுபக்கம். போர்ஷேயின் ஆறு சிலிண்டரில் 1, 2, 3 ஒரு பக்கமும் 4, 5, 6 மறுபக்கமும் இருக்கும். தவறான பக்கத்தைப் பிரித்து ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

கோட் பதிவான நொடியில் ஆர்பிஎம், லோடு (என்ஜின் மீதான சுமை), என்ஜின் சூடு, வேகம் எவ்வளவு இருந்தன என்பதையும் ஈசியு சேமித்து வைக்கும். இதை ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். கோடை அழித்தால் இதுவும் போய்விடும். அதனால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்கிய காருக்கு மட்டும் இன்னொரு வேலை இருக்கிறது. 'கோட் அழித்த பிறகு ஓடிய தூரம்' என்றொரு எண்ணைப் பல கார்கள் ஸ்கேனரில் காட்டும். நீங்கள் வாங்கி 200 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறீர்கள், அந்த எண்ணும் கிட்டத்தட்ட அதையே காட்டுகிறது என்றால், விற்பதற்குச் சற்று முன்னால்தான் யாரோ அழித்திருக்கிறார்கள். அழித்ததும் 'ரெடினஸ் மானிட்டர்' எனப்படும் சுயசோதனைகள் முடியாத நிலைக்குத் திரும்பிவிடும். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும் பல கார்களில் இப்படி ஆகும் என்பதால் விற்றவர்மேல் உடனே பழி போட முடியாது. ஆனால் கோளாறு உங்கள் கைக்கு வந்த பிறகு முளைத்ததா, வரும்போதே இருந்ததா என்று யோசிக்க இது உதவும். கார் வாங்கப் போகும் நண்பர்களுக்கும் சொல்லுங்கள்: பேரம் பேசும் முன்பே பார்க்க வேண்டிய எண் இது.

எப்போது மிஸ் ஆகிறது?

என்னைக் கேட்டால் ஸ்கேனரை விட இந்தக் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். இரண்டு மூன்று நாள் கவனித்து ஓட்டி, ஒரு தாளில் குறித்து வைத்தால் போதும்.

மேட்டில் ஏறும்போது அல்லது ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது மட்டும் மிஸ் ஆகிறதா? முதல் சந்தேகம் ஸ்பார்க் மீது. காரணம் எளிது. காயில் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தி, பிளக்கின் இரண்டு முனைகளுக்கு இடையிலான இடைவெளியைத் தாண்ட வைக்கிறது. பல கார்களில் அந்த இடைவெளி 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட அதைத் தாண்டுவது கடினமாகும், அதிக வோல்ட் தேவைப்படும். ஐடிலிங்கில் அழுத்தம் குறைவு என்பதால் நோஞ்சான் காயிலும் சமாளித்துவிடும். முழு லோடில், அதிலும் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ உள்ள காரில், அது கைவிடும். பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தாலும் இதே கதைதான்.

ஐடிலிங்கில் மட்டும் மிஸ் ஆகி, ரேஸ் கொடுத்ததும் சரியாகிறதா? எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது என்று எண்ணலாம். வரும் காற்றை எம்ஏஎஃப் சென்சாரால் அளக்கும் கார்களில், சென்சாருக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தால் அந்த வழியாக வரும் காற்று கணக்கில் சேராது. ஐடிலிங்கில் என்ஜினுக்குள் போகும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதில் கசிவின் பங்கு பெரிது. ஆர்பிஎம் ஏறியதும் மொத்தக் காற்று பெருகி, கசிவு ஒரு பொருட்டே இல்லாமல் போகும். ஸ்கேனரில் 'ஃப்யூல் ட்ரிம்' என்ற எண்ணைப் பார்த்தால் இது தெரியும். ஈசியு எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறது என்பதே அந்த எண். ஐடிலிங்கில் +10-ஐத் தாண்டி, 2500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் கசிவைத் தேடுங்கள். மாறாக, ஆர்பிஎம்மும் லோடும் ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்ப் அல்லது ஃபில்டர் பக்கம் திரும்புங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. ஸ்பார்க் இல்லாமல் ஒரு சிலிண்டர் எரியாவிட்டால் அதிலிருந்த ஆக்சிஜனும் எரியாமல் வெளியே வரும். புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, "காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை" என்று தவறாகச் சொல்லும். ஈசியு அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றும். ஆகவே மிஸ் ஆகிக்கொண்டே இருக்கும்போது ட்ரிம் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது.

காலையில் ஸ்டார்ட் செய்த முதல் நிமிடம் மட்டும் குலுங்கி, பிறகு சரியாகும் கார்களை ரொம்பப் பேர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. என்ஜினின் மேல்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் வழியாக இரவெல்லாம் கூலண்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், சொட்டுச் சொட்டாக ஒரு சிலிண்டருக்குள் இறங்கியிருக்கலாம். கூலண்ட் டேங்கின் அளவை மார்க்கரால் குறித்து வையுங்கள். வெளியே எங்கும் ஒழுகாமல் அளவு குறைந்துகொண்டே வந்தால், அந்த சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தால், இதுதான் காரணமாக இருக்கும். நேரடி இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில் இன்னொரு காரணமும் உண்டு. அவற்றில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. எண்ணெய்ப் புகை படிந்து படிந்து கரியாக இறுகிவிடும். பிஎம்டபிள்யூ 335ஐ-யில் வந்த என்54 என்ஜின் இதற்குப் பேர்போனது. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, அக்ரூட் ஓட்டுத் துகளைக் காற்றழுத்தத்தில் அடித்துத்தான் அந்தக் கரியை நீக்குவார்கள். டொயோட்டா ஜிடி86-இல் நேரடி இன்ஜெக்டரோடு வால்வுக்கு முன்பே பெட்ரோலைப் பீய்ச்சும் போர்ட் இன்ஜெக்டரும் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகே மிஸ் ஆகிறது என்றால், சூட்டில் உள்ளே விட்டுப்போகும் காயிலோ கிராங்க் சென்சாரோ காரணமாக இருக்கலாம். மழை நாளில் மட்டும் என்றால் வெடித்த காயில் அல்லது பழைய பிளக் வயர். போர்ஷே பாக்ஸ்டரிலும் அந்தக் காலத்து 911-இலும் காயில்கள் என்ஜினின் இரு பக்கமும் தாழ்வாக, புகைக்குழாய்ச் சூட்டுக்கும் சாலை ஈரத்துக்கும் பக்கத்தில் இருக்கின்றன. காலப்போக்கில் அவற்றின் உடம்பில் மெல்லிய கீறல்கள் விடும், ஈரம் பட்டதும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் என்ஜின் உடம்புக்குத் தாவிவிடும். பெட்ரோல் போட்டு வந்த உடனே தொடங்கிய மிஸ்ஸிங்குக்கும், மாதக்கணக்கில் ஷெட்டில் நின்றிருந்த காரில் வரும் மிஸ்ஸிங்குக்கும் முதலில் டேங்கில் உள்ளதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இடம் மாற்றிப் பார்ப்பது

செலவே இல்லாத சோதனை இது. பி0303 வந்திருக்கிறது, ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், இக்னிஷன் அணைந்திருக்க வேண்டும். காயிலில் பாயும் மின்னழுத்தம் விளையாட்டில்லை.

மூன்றாவது காயிலின் கனெக்டரைக் கழற்றுங்கள். பழைய காரில் அந்தப் பிளாஸ்டிக் கொக்கி பிஸ்கட் மாதிரி பொடிப்பொடியாக இருக்கும், அவசரப்பட வேண்டாம். போல்ட்டை எடுத்து, காயிலை லேசாக முறுக்கி மேலே இழுங்கள். வெளியே வந்ததும் அதன் ரப்பர் முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் பிசுபிசுத்தால் வால்வ் கவர் கேஸ்கெட் கசிந்து பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கியிருக்கிறது. ரப்பர் ஊறிப்போயிருந்தால் காயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை, கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் புதுக் காயிலும் அதே குழியில் ஊறும். பிளக்கின் வெள்ளைச் செராமிக்கில் பென்சிலால் கோடு கிழித்ததுபோல் கறுப்பாக ஒரு மெல்லிய தடம் தெரிந்தால், ஸ்பார்க் கீழே போகாமல் வெளிப்புறமாக ஓடியிருக்கிறது. அந்தப் பிளக்கை மாற்றுங்கள், காயிலின் ரப்பரிலும் அதே தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் மூன்றாவது காயிலை ஒன்றிலும், ஒன்றாவதை மூன்றிலும் மாட்டுங்கள். கோடை இப்போது அழித்துவிட்டு, மிஸ் ஆகும் அதே சூழலில் ஓட்டுங்கள். பி0301 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடியும் பி0303 வந்தால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இப்படியே இடம் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே தடவையில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

பழைய எம்எக்ஸ்-5 போன்ற கார்களில் ஒரு காயில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஸ்பார்க் கொடுக்கும்: 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் இன்னொரு ஜோடி. ஜோடியாக மிஸ் ஆனால் காயில் பேக் மீது சந்தேகம், தனியாக ஒன்று மட்டும் மிஸ் ஆனால் பிளக் வயர் மீது. இந்தக் கார்களில் வயர்தான் அடிக்கடி காலை வாரும்.

பிளக்கை வெளியே எடுத்தால் அதன் நிறத்தையும் பாருங்கள். இளம் பழுப்பு ஆரோக்கியம், உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், ஈரமான எண்ணெய்க் கறுப்பு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்து எண்ணெய் உள்ளே வருகிறது. புதுப் பிளக் வாங்கினால் காருக்குச் சொல்லப்பட்ட எண்ணையே நம்பிக்கையான இடத்தில் வாங்குங்கள், போலிப் பிளக்குகள் நிறையப் புழங்குகின்றன.

ஸ்பார்க் பக்கம் சுத்தம் என்றால் இன்ஜெக்டர். போர்ட் இன்ஜெக்டர் என்றால் அதையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். நேரடி இன்ஜெக்டரின் குழாயில் பெட்ரோல் 100, 200 பார் அழுத்தத்தில் நிற்கும். வீட்டில் தொடாதீர்கள்.

எதை மாற்றினாலும் அதே சிலிண்டர் என்றால்

இனி அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும், இது மெக்கானிக் வேலை. சூடான என்ஜினில் எல்லா பிளக்குகளையும் எடுத்து, பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் நிறுத்தி, காற்று வரும் வழியான த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் அளப்பார்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை மேனுவல் சொல்லும். ஆனால் சிலிண்டர்களுக்கு இடையில் உள்ள வித்தியாசம்தான் முக்கியமானது. மற்றவை 180 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காட்டும்போது மூன்றாவது 110 காட்டினால் கோளாறு உள்ளுக்குள். ஒரு சிறு கரண்டி எண்ணெயை அந்த சிலிண்டரில் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். லீக்-டவுன் சோதனையில் காற்றை உள்ளே செலுத்திக் காதை வைத்துக் கேட்பார்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் மூடியில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். ஆர்எக்ஸ்-8 வாங்கியவர்கள் ரோட்டரிக்கென்றே உள்ள சோதனைக் கருவி வைத்திருப்பவரைத் தேட வேண்டும், சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியாகக் காட்டாது.

மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் காரில் வால்வ் வளைவதற்கு ஒரு பிரத்யேகக் காரணம் உண்டு. ஐந்தாவதுக்குப் போட நினைத்து மூன்றாவதில் போட்டுவிட்டால் சக்கரங்களே என்ஜினை ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோட்டுக்கு மேலே சுற்றவைக்கும். என்ஜின் எல்லை தாண்டாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டரால் பெட்ரோலைத்தான் நிறுத்த முடியும், இதை நிறுத்த முடியாது. பல போர்ஷே கார்களின் ஈசியு, என்ஜின் எல்லை தாண்டிச் சுற்றியதை வகைவாரியாகப் பதிவு செய்து வைக்கும். பொருத்தமான ஸ்கேனரில் அதை எடுத்துப் பார்க்கலாம். வாங்கிய பிறகு பார்த்தாலும் இப்படி நடந்ததா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

கடைசியாக, முந்தைய உரிமையாளரின் கைவண்ணம். எண்ணெய் தடவும் வகை ஏர் ஃபில்டர் இருந்தால் அந்த எண்ணெய் எம்ஏஎஃப் சென்சாரில் படிந்திருக்கலாம். ரீமேப் செய்து, அதாவது ஈசியுவின் அமைப்பை மாற்றி, டர்போ பூஸ்ட்டைக் கூட்டியிருந்தால் ஒரிஜினல் பிளக் இடைவெளி அதற்கு அகலமாக இருக்கலாம், அந்த மேப்பைச் செய்தவர் சொல்லும் இடைவெளியை வைக்க வேண்டும். முடிந்தால் விற்றவரிடமே பேசி, என்னென்ன மாற்றினார், கழற்றிய பழைய பாகங்கள் இன்னும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். புதுக் காயில்கள் நாலும் மாட்டியிருந்தால், உங்களுக்கு முன்பே ஒருவர் இந்த மிஸ்ஸிங்கைத் துரத்தியிருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் காயிலைத் தாண்டித் தேடத் தொடங்கலாம்.

கோளாறு சரியான பிறகு கோடை அழித்து, எப்போது மிஸ் ஆனதோ அதே சூழலில் ஓட்டிப் பாருங்கள். மேட்டில் மிஸ் ஆன காரை ஐடிலிங்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு வரக் கூடாது. ரெடினஸ் மானிட்டர்கள் முடியும் வரை காத்திருங்கள். அப்புறம் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பல நாள் மிஸ் ஆன காரில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலந்திருக்கும். பெட்ரோல் வாடை அடித்தாலோ அளவு ஏறியிருந்தாலோ ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் சிவப்புக் கோடு வரை மிதிக்க வேண்டும்.